நோயாளி வேண்டாம் என்கிறார், குடும்பம் செய் என்கிறது: யார் சொல்வதைக் கேட்பது?

கேள்வி கேட்டவர் பராமரிப்புப் பணிக்கான பயிற்சியில் இருக்கிறார். நோயாளியின் தன்னுரிமை (தன் சிகிச்சையைத் தானே முடிவு செய்யும் உரிமை), நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்று நான்கு அறக்கோட்பாடுகளை வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தேர்வில் எழுதிவிடலாம், ஆனால் வார்டில் அவை ஒன்றோடொன்று மோதுகின்றனவே என்பது அவர் குறை. நோயாளி வேண்டாம் என்கிறார், மகன் கட்டாயம் செய்யுங்கள் என்கிறார், மூத்த நர்ஸ் சீக்கிரம் முடி என்கிறார். இதில் எதற்கு முதலிடம், யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறார்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்த நான்குக்கும் நிரந்தரமான வரிசை கிடையாது. டாம் பீச்சம், ஜேம்ஸ் சில்ட்ரெஸ் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 1979-இல் இவற்றை ஒரு நூலில் தொகுத்தபோதே, எந்த ஒன்றும் எப்போதும் மற்றதை வெல்லாது, சூழ்நிலைக்கு ஏற்ப எடைபோட வேண்டும் என்றுதான் சொன்னார்கள். வகுப்பில் அதுவரை போக நேரம் இருப்பதில்லை. நான்கு சொல், நான்கு மதிப்பெண் என்று பாடம் முடிந்துவிடுகிறது. முதலிடம் என்று ஒன்று இல்லாவிட்டாலும், முதல் வேலை என்று ஒன்று உண்டு. யாருடைய உடம்போ, யாருடைய வாழ்க்கையோ, அவரிடம் போய்க் கேட்பதுதான் அது. எடைபோடுவதெல்லாம் அதற்குப் பிறகு. இந்தத் தொழிலில் அறம் தவறுகிறவர்கள் பெரும்பாலும் கெட்டவர்கள் அல்லர். நல்லவர்களே, பாசத்திலும் அவசரத்திலும், கேட்காமல் செய்துவிடுகிறார்கள்.

இதைப் புரியவைக்க நான் எப்போதும் சொல்வது டஸ்கீகி ஆய்வைப் பற்றி. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1932-இல் அந்நாட்டு அரசின் பொதுச் சுகாதாரத் துறை, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் கண்ட சுமார் 400 கறுப்பின ஏழைகளை ஓர் ஆய்வுக்குள் கொண்டுவந்தது. உங்களுக்கு இன்ன நோய் என்று சொல்லவில்லை. 'கெட்ட இரத்தம்' என்று பொதுவாகச் சொல்லி வைத்தார்கள். சிகிச்சை இல்லாமல் விட்டால் நோய் எப்படி முற்றுகிறது என்று பார்ப்பதுதான் ஆய்வின் நோக்கமே. 1940-களில் பெனிசிலின் அந்த நோயைக் குணப்படுத்தும் என்பது உறுதியான பிறகும் அவர்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. 1972 வரை இது நடந்தது. படிக்கிறவர்கள் எல்லோரும் அந்த மருத்துவர்களைச் சபித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். நம்மைப் போன்றவர்கள் நின்று பார்க்க வேண்டியது யூனிஸ் ரிவர்ஸ் என்ற செவிலியரை.

அவரும் கறுப்பினப் பெண்மணி. பல பத்தாண்டுகள் அந்த மனிதர்களுக்கும் ஆய்வுக்கும் இடையே பாலமாக இருந்தவர் அவர்தான். பரிசோதனைக்குத் தாமே காரில் அழைத்துப்போவார், வீடு தேடிச்சென்று நலம் விசாரிப்பார், குடும்பக் கஷ்டம் கேட்பார். அவரை நம்பித்தான் அவர்கள் வந்தார்கள். அவரை இரக்கமற்றவர் என்று யாராலும் சொல்லிவிட முடியாது. எனக்கு அச்சம் தருவதும் அதுதான். அன்பும் பொறுப்பும் உள்ள ஒரு செவிலியர் இல்லாமல் அந்த ஆய்வு அத்தனை காலம் ஓடியிருக்காது. அவர்களுக்கு உண்மை தெரியுமா, தெரிந்தால் சம்மதிப்பார்களா என்ற ஒரு கேள்வி மட்டும் அந்த அன்புக்குள் இல்லாமல் போயிற்று. அதே துறையில், வேறோர் ஊரில், பால்வினை நோயாளிகளைப் பேட்டி கண்டு விவரம் சேகரிக்கும் சாதாரண வேலையில் பீட்டர் பக்ஸ்டன் என்ற இளைஞர் இருந்தார். மருத்துவர்கூட அல்லர். அவர் 1966-இல் எழுத்து மூலம் ஆட்சேபித்தார். மேலிடம் அசையவில்லை. அவர் விடவுமில்லை, 1972-இல் செய்தி பத்திரிகைகளில் வெளியான பிறகே ஆய்வு நின்றது. அந்தக் கொந்தளிப்பிலிருந்து பிறந்த பெல்மாண்ட் அறிக்கைதான் மனிதர்மீது மதிப்பு, நன்மை, நீதி என்ற மூன்றையும் ஆய்வுகளுக்கான அடிப்படையாக வகுத்தது. அதுவும் 1979-இல்தான் வந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். உலக மருத்துவச் சங்கம் 1948-இல் ஜெனீவா பிரகடனம் என்ற உறுதிமொழியை மருத்துவர்களுக்காக ஏற்றது. நோயாளியின் தன்னுரிமையை மதிப்பேன் என்ற வரி அதில் சேர்ந்தது எப்போது தெரியுமா? 2017-இல். நன்மை செய்வதும் தீங்கு செய்யாமையும் பழங்காலத்திலிருந்து வருபவை, "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று நோயாளியைக் கேட்பது இந்தத் தொழிலுக்கு நேற்று வந்த பழக்கம். ஆகவே உங்கள் வார்டில் மூத்தவர்கள் அதை மறந்தால் வியப்படைய வேண்டாம். நீங்கள் மறக்காமலிருந்தால் சரி.

இனி வார்டுக்கு வருவோம். ஒரு முதியோர் இல்லத்தில் பயிற்சி மாணவர்களோடு நின்றிருந்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். டிமென்ஷியா என்ற மறதிநோய் முற்றிய ஒரு மூதாட்டி. காலை ஆறு மணிக்குக் குளியல் என்றாலே அலறுவார், அடிப்பார். இரண்டு உதவியாளர்கள், ஒருவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் ஆடையைத் தலைவழியாக உருவுவார். "தினமும் இப்படித்தான் மேடம், குளிக்காவிட்டால் தோல் புண்ணாகிவிடும்" என்றார் ஒருவர். அவர் சொன்னது பொய்யல்ல. ஈரத்திலும் அழுக்கிலும் கிடந்தால் புண் வரத்தான் செய்யும். ஆனால் அந்த மூதாட்டியின் பக்கமிருந்து பாருங்கள். அரைத் தூக்கத்தில் இருக்கிறீர்கள், அறிமுகமில்லாத இருவர் வந்து ஒரு வார்த்தை பேசாமல் உங்கள் துணியை உருவுகிறார்கள். அலறாமல் என்ன செய்வீர்கள்?

மறுநாள் என் மாணவி ஒருத்தி மாலையில் போனாள். எதிரே குனிந்து உட்கார்ந்து, அவர் கண்ணில் படும்படி தன் பெயரைச் சொன்னாள். பெரிய துண்டு ஒன்றால் தோளிலிருந்து முழங்கால்வரை போர்த்திவிட்டு, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த சிறு துணியை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத் தானே முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கால், கை, முதுகு என்று போர்வையை அந்தந்த இடத்தில் மட்டும் விலக்கித் துடைத்தாள். இடுப்புக்கு வந்தபோது மூதாட்டி அவள் கையைத் தள்ளினார். மாணவி நிறுத்திவிட்டாள், சிறிது நேரம் கழித்து மறுபடி முயன்றபோது விட்டுக்கொடுத்தார். தலைக்கு நீர் ஊற்றவே இல்லை. ஆனால் தோல் சுத்தமாக இருந்தது, யாருக்கும் காயமில்லை. கையைத் தள்ளுவதும் ஒரு 'வேண்டாம்'தான். பேச்சு போய்விட்டவர்களின் இசைவையும் மறுப்பையும் உடம்பிலிருந்துதான் படிக்க வேண்டும். தன்னுரிமை, நன்மை, தீங்கு செய்யாமை மூன்றும் அங்கே மோதியதுபோலத் தெரிந்ததற்குக் காரணம் காலை ஆறு மணி என்ற அட்டவணை. மோதல் என்று நாம் சொல்வதில் பாதி இப்படிப்பட்டதுதான்: நேரத்தையும் முறையையும் மாற்றினால் கரைந்துவிடும்.

மீதிப் பாதி கரையாது. அப்போது கேட்க வேண்டிய கேள்வி, இந்த முடிவை எடுக்கும் திறன் அவருக்கு இருக்கிறதா என்பது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் உள்ள மனத்திறன் சட்டம் 2005 இதைத் தெளிவாக வகுத்திருக்கிறது. நீங்கள் எந்த நாட்டில் வேலை செய்தாலும் அந்த வழிமுறை பயன்படும். திறன் இருக்கிறது என்றே தொடங்க வேண்டும். இல்லை என்பவர்தான் நிறுவ வேண்டும். விவரத்தைப் புரிந்துகொள்கிறாரா, முடிவெடுக்கும் அளவுக்கு நினைவில் வைத்துக்கொள்கிறாரா, சாதக பாதகங்களை எடைபோடுகிறாரா, முடிவைப் பேச்சாலோ சைகையாலோ தெரிவிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அதுவும் அந்தக் குறிப்பிட்ட முடிவுக்கு, அந்த நேரத்தில். பத்திரத்தில் கையெழுத்திடும் விஷயத்தை விளங்கிக்கொள்ள முடியாதவர், எந்தச் சட்டை போடுவது என்று சொல்ல முடியும். காலையில் தடுமாறுபவர் மாலையில் தெளிவாக இருக்கலாம். கண்ணாடியும் காதுக்கருவியும் கொடுத்த பிறகு தெளிவானவர்களும் உண்டு. "அவருக்கு டிமென்ஷியா, அவரிடம் என்ன கேட்பது" என்ற வாக்கியத்தை எங்கே கேட்டாலும் சந்தேகப்படுங்கள்.

அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஒருவர் எடுக்கும் முடிவு புத்திசாலித்தனமாக இல்லை என்பதற்காகவே அவருக்குத் திறன் இல்லை என்று கருதக் கூடாது என்பது. நீரிழிவு உள்ள ஒருவர் இனிப்பு கேட்கிறார். விளைவுகளை எடுத்துச் சொன்னீர்கள், அவருக்குப் புரிகிறது, இருந்தும் கேட்கிறார். தட்டிலிருந்து பிடுங்கும் உரிமை உங்களுக்கு இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள், மருத்துவரிடம் தெரிவியுங்கள், குறிப்பில் எழுதுங்கள், பிறகும் அவரிடம் முகம் சுளிக்காமல் பேசுங்கள். கடைசியில் சொன்னதுதான் கடினம். திறன் இல்லை என்று முறையாக முடிவாகிவிட்டாலும் உங்கள் விருப்பப்படி செய்துவிடலாம் என்று பொருளில்லை. அவருக்கு எது நல்லது என்பதை அவருடைய பழைய விருப்பங்களையும் நம்பிக்கைகளையும் விசாரித்து முடிவு செய்ய வேண்டும். அதிலும் அவர் சுதந்திரத்தை ஆகக் குறைவாகக் கட்டுப்படுத்தும் வழியைத் தேட வேண்டும்.

குடும்பம் சரியான இடத்துக்கு வருவது இங்கேதான். மகன் மகள் சொல்வதை அலட்சியம் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. அம்மாவுக்கு எது பிடிக்கும், எதற்குப் பயப்படுவார், உடம்பு நன்றாக இருந்தபோது என்ன சொல்லியிருக்கிறார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் சாட்சிகள். சட்டப்படி அதிகாரம் பெற்ற பிரதிநிதியாக இருந்தால் தவிர, அவர்கள் உரிமையாளர்கள் அல்லர்.

மிகக் கடினமான கட்டம், "அப்பாவுக்குப் புற்றுநோய் என்று சொல்லிவிடாதீர்கள், தாங்க மாட்டார்" என்று குடும்பம் வந்து நிற்பது. அவர்கள் கெஞ்சுவது அன்பினால்தான். இதில் உங்களுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. நோயின் பெயரை நீங்கள் போய்ச் சொல்லக் கூடாது, அது மருத்துவரின் பொறுப்பு. நோயாளி கேட்டால் பொய்யும் சொல்லக் கூடாது. "அதெல்லாம் ஒன்றுமில்லை தாத்தா, சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால், உண்மை தெரியவரும் நாளில் உங்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவும் அவருக்கு மனம் வராது. "உங்கள் உடல்நிலை பற்றி விவரமாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா? டாக்டரை வரச் சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். சிலர், வேண்டாம், என் மகனிடம் சொல்லுங்கள் என்பார்கள். அதுவும் அவருடைய முடிவு, மதிக்க வேண்டும். கேட்காமல் நாமே அவருக்காக அப்படி முடிவு செய்வதுதான் தவறு. பெரும்பாலான நோயாளிகளுக்கு வீட்டாரின் முகத்தைப் பார்த்தே பாதி தெரிந்திருக்கும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

மறைப்பதால் வரும் கேட்டுக்கு நீதிமன்றம் சொன்ன பதில் ஒன்று இருக்கிறது. ஸ்காட்லாந்தில் நீரிழிவு உள்ள, உருவத்தில் சிறிய நடீன் மான்ட்கோமரி என்ற கர்ப்பிணிக்கு, பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் அபாயம் 9 முதல் 10 சதவீதம் வரை இருந்தது. சொன்னால் அறுவை சிகிச்சை கேட்பார்கள் என்று மருத்துவர் அதைச் சொல்லவில்லை. தோள் சிக்கியது, குழந்தை கடும் பாதிப்போடு பிறந்தது. 2015-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தாயின் பக்கம் தீர்ப்பளித்தது. எதைச் சொல்ல வேண்டும் என்பதை மருத்துவர்களின் வழக்கத்தை வைத்து அளக்கக் கூடாது, அந்த நிலையில் இருக்கும் ஒருவர் எதை முக்கியம் என்று கருதுவார் என்பதை வைத்தே அளக்க வேண்டும் என்றது. நோயாளி தேர்ந்தெடுத்துவிடுவாரோ என்ற பயத்தில் தகவலை மறைப்பது, அவருக்காக நாமே தேர்ந்தெடுப்பதுதான்.

இரகசியம் காப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லிஃப்டில் நோயாளியைப் பற்றிப் பேசாதீர்கள். வார்டில் எடுத்த படத்தை, முகம் தெரியாவிட்டாலும், நல்லெண்ணத்தில் என்றாலும், எங்கும் பகிராதீர்கள். ஆனால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம். ஒரு குழந்தையோ முதியவரோ தன்னை யாரோ அடிப்பதாகச் சொன்னால் நீங்கள் சொல்லியே தீர வேண்டும். கலிபோர்னியாவில் ஒரு மாணவன் தன் உளவியல் ஆலோசகரிடம் ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகச் சொன்னான். ஆலோசகர் போலீசுக்குத் தெரிவித்தார், போலீசார் விசாரித்துவிட்டு அவனை விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணையோ குடும்பத்தையோ யாரும் எச்சரிக்கவில்லை. அவன் கொன்றான். டாரசாஃப் வழக்கு என்று சொல்லப்படும் அதில், ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவரைக் காக்க வேண்டிய கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1976-இல் தீர்ப்பளித்தது. ஆகவே தொடக்கத்திலேயே, "நீங்கள் சொல்வதைப் பத்திரமாக வைத்துக்கொள்வேன், யாருக்காவது ஆபத்து என்றால் மட்டும் என் மேலதிகாரியிடம் சொல்ல வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிடுவது நேர்மை.

பாதுகாப்பு என்ற பெயரில் நடப்பவற்றில் எனக்குக் கோபம் உண்டு. விழுந்துவிடுவார் என்று கையைக் கட்டுகிறார்கள், கட்டிலின் இருபுறத்துக் கம்பியையும் ஏற்றிவிடுகிறார்கள், இரவில் தொந்தரவு இல்லாமலிருக்கத் தூக்க மருந்து கேட்கிறார்கள். குழம்பிய நிலையில் இருப்பவர் கம்பி மேல் ஏறி இறங்க முயன்றால் இன்னும் உயரத்திலிருந்து விழுவார். இடையில் சிக்கிக்கொள்ளவும் கூடும். அவர் ஏன் எழுந்தார் என்று கேட்டீர்களா? பெரும்பாலும் கழிவறைக்குத்தான். இரவு இரண்டு மணிக்கு ஒருமுறை அழைத்துப்போனால் கட்டவேண்டிய தேவை வராது. கட்டாயம் கட்டுப்படுத்தியே ஆகவேண்டிய நேரமும் உண்டு. அப்போது யார் உத்தரவு, என்ன காரணம், எத்தனை நேரம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அவிழ்க்கும் நேரமும் சேர்த்து.

நீதி என்றதும் படுக்கைப் பற்றாக்குறை, வென்டிலேட்டர் யாருக்கு என்றெல்லாம் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அது உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பது அடுத்த பத்து நிமிடம். மணியை விடாமல் அழுத்துகிறவரிடம் நாலு தடவை போவீர்கள். பார்க்க யாரும் வராத, கேட்கவே கூச்சப்படுகிற மூலைக் கட்டில்காரரிடம் ஒருமுறை போவீர்கள். உங்கள் மொழி தெரியாதவர், உங்களைத் திட்டியவர், தானே வருவித்துக்கொண்ட நோய் என்று நீங்கள் மனத்துக்குள் தீர்ப்பு எழுதிவிட்டவர், இவர்களுக்கெல்லாம் நேரம் குறையும். ஷிப்ட் முடிவில் யாரிடம் குறைவாகப் போனோம் என்று ஒருமுறை எண்ணிப்பாருங்கள். பெயர்கள் அநேகமாகத் தினமும் ஒன்றாகவே இருக்கும்.

செய்யாததைச் செய்ததாகக் குறிப்பேட்டில் எழுதுவதை நான் திருட்டுக்குச் சமமாக வைப்பேன். மருந்து கொடுக்க மறந்தால் மறந்ததாக எழுதுங்கள். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் நோயாளிகள் அழுக்குத் துணியிலேயே கிடந்ததும், கைக்கு எட்டாத தூரத்தில் தண்ணீர் வைக்கப்பட்டதும் வெளியே வந்து, 2013-இல் ராபர்ட் பிரான்சிஸ் தலைமையிலான விசாரணை அறிக்கை வெளியானது. மறுஆண்டே, தவறு நடந்து நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தால் அதை அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது அந்நாட்டுப் பொது மருத்துவமனைகளுக்குச் சட்டக் கடமையானது. அங்கே வேலை பார்த்தவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் அல்லர். ஆள் பற்றாக்குறையும், செலவுக் குறைப்பும், வாய் திறந்தவர்களுக்குக் கிடைத்த வரவேற்பும் சேர்ந்து அப்படி ஆக்கின.

அதனால்தான் மூத்த நர்ஸ் மேல் உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். எது சரி என்று தெரிந்திருந்தும் நிறுவனத்தின் நெருக்கடியால் அதைச் செய்ய முடியாமல் தவிப்பதை 'அறத்துயர்' எனலாம்; ஆண்ட்ரூ ஜேம்டன் என்பவர் 1984-இல் செவிலியர்களைப் பற்றி எழுதியபோது இதை அடையாளம் காட்டினார். முப்பது கட்டிலுக்கு இரண்டு பேர் என்று விட்டுவிட்டு, கண்ணியமாக நடந்துகொள்ளுங்கள் என்று சுவரில் எழுதி ஒட்டினால் அந்தத் துயர்தான் விளையும். அந்த நர்ஸும் ஒருகாலத்தில் உங்களைப்போலக் கேள்வி கேட்டவராகத்தான் இருப்பார்.

அவர் "முடி" என்று சொல்லும்போது நோயாளியின் முன்னால் வாதாடாதீர்கள். "சிஸ்டர், அம்மா இப்போது வேண்டாம் என்கிறார். அரை மணி கழித்து மறுபடி முயல்கிறேன், மறுத்த நேரத்தைக் குறிப்பில் எழுதிவிடவா?" என்று கேளுங்கள். குறிப்பில் ஏறும் என்றால் பலருக்கும் அரை மணி நேரம் கிடைத்துவிடுகிறது. அப்போதும் வற்புறுத்தினால் உங்கள் பயிற்சி ஆசிரியரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்; தேதி, நேரம், பார்த்தது, கேட்டது மட்டும் எழுதுங்கள், உங்கள் அபிப்பிராயத்தை எழுத வேண்டாம். அடித்தல், உத்தரவில்லாமல் கட்டிப்போடுதல், பட்டினி போடுதல் என்று எதையாவது பார்த்தால் காத்திருக்கவே கூடாது, நேராக மேலிடத்துக்குப் போக வேண்டும். இன்னொன்று, உங்களுக்குக் கற்றுத்தரப்படாத வேலையை, ஊசி போடுவதோ குழாய் மாற்றுவதோ எதுவாயினும், யார் சொன்னாலும் "எனக்கு இது இன்னும் சொல்லித்தரவில்லை, நீங்கள் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்க்கிறேன்" என்று மறுக்கலாம்.